தலைகீழாய்த் தெரிந்த அம்மா

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நான் சிவில் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். பாலம், கட்டடம் என்றால் சரி. ரோட்டுப் பாடம் மட்டும் பிடிக்கவே இல்லை. ஜல்லியைக் கொட்டி உருளையை ஓட்டுவதற்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது? எல்லாவற்றையும் விட்டுவிட்டு குமாஸ்தா வேலைக்குப் போவதென்று முடிவே செய்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் தவளக்குப்பம் பக்கம், கடலூர் ரோட்டில் எங்களுக்கு சர்வே பயிற்சி. மேடுபள்ளம் பார்க்கிற லெவல் கருவியில் அப்போதெல்லாம் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். மதிய வெயிலில் அதில் கண்ணை வைத்தேன். கூடை கீழே, கால் மேலே என்று ஒரு மீன்காரம்மா நடந்து வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

மேலே தெரிந்த அந்த வெறுங்கால்கள் இளகிய தாரில் பட்டுத் துள்ளின. ஓரத்துக்கு ஓடின. அங்கே ஜல்லி குத்தியதும் மறுபடி தாருக்கே வந்தன. புடவையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, டவுனில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் என் அம்மா.

தினமும் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கால்களை அன்றுதான் பார்த்தேன்.

ஓடிப்போய்க் கூடையை வாங்கிக்கொண்டேன். "கால் சுடலியாம்மா?"

"ரோடுன்னா சுடத்தான் செய்யும். நீ ஏன்டா வெயில்ல நிக்கிற? சாப்ட்டியா?" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

குமாஸ்தா வேலைக்கு நான் போகவில்லை. ரோட்டு இன்ஜினியரானேன். மேலதிகாரியோடு சண்டை போட்டாவது, ஓரத்தில் மண்பாதையும் மர நிழலும் இல்லாமல் எந்த ரோட்டையும் முடித்ததில்லை.

இப்போதைய கருவிகளில் எல்லாம் நேராகத் தெரிகிறது. எனக்கு மட்டும் எந்த ரோட்டிலும் இன்னமும் கால்கள்தான் முதலில் தெரிகின்றன.