வெடிக்குப் பயப்படாத குட்டி தேடி உன்னிச்சைக்கு

கடந்த தை மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, நானும் மனைவி சுகந்தியும் மட்டக்களப்பு நகரிலிருந்து உன்னிச்சைக்குப் போய் ஒரு பொயின்டர் குட்டி எடுத்து வந்தோம். நாய்க்குட்டி எடுத்ததற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அடுத்த முறை குட்டி எடுக்கக் கிளம்புகிறவர்கள் நான் விட்ட பிழையை விடாமல் இருந்தால் எனக்குப் போதும்.

தேவை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மச்சானுக்குக் கரடியனாற்றுப் பக்கம் வட்டையில் மூன்று ஏக்கர் வெள்ளாமை இருக்கிறது. வயல்வெளியைத்தான் நாங்கள் வட்டை என்போம். கதிர் வந்ததும் காட்டுப்பன்றி இறங்கும். மச்சானிடம் பயிர்க் காவலுக்குச் சுட அனுமதி பெற்ற துவக்கு உண்டு. விடுமுறை நாட்களில் இருவரும் வரம்பு வழியே மூன்று நான்கு மைல் நடப்போம். முன்னால் போய், பற்றைக்குள் ஏதாவது இருந்தால் நின்று காட்ட ஒரு நாய் வேண்டும். மோப்பம் பிடித்த இடத்தில் ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, அப்படியே நின்றுவிடுவதுதான் பொயின்டரின் குணம். மற்ற ஐந்து நாளும் அது எங்கள் வீட்டில், ஒன்பது வயது மகளோடு இருக்க வேண்டும். "புள்ளயக் கடிக்காத நாயா இரிந்தாச் சரி" என்பது சுகந்தியின் ஒரே நிபந்தனை.

என் நிபந்தனை வேறு. குட்டி சத்தத்துக்குப் பயப்படக் கூடாது.

இதற்குக் காரணம் ஜிம்மி. நான் பதினொரு வயதுப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் நின்ற பொயின்டர். வெள்ளை உடம்பு, கபில நிறக் காது. விடிந்தும் விடியாத நேரத்தில் அப்பா, ஜிம்மி, நான் மூவரும் வட்டைக்குப் போவோம். ஜிம்மி காலைத் தூக்கி நின்றால் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். சில நாட்களில் சுடாமலே திரும்புவோம், ஆனால் அது நின்ற அழகை வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் காலைகளைப் போல ஒன்று எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. துவக்குச் சத்தம் பழகிய நாய்தான் அது. ஷெல் சத்தம் வேறு. போர் எங்கள் ஊருக்குள் வந்த ஒரு பகலில் அது மிரண்டு ஓடியது, திரும்பி வரவேயில்லை. வீட்டில் எல்லோரும் சங்கிலி அறுந்துவிட்டது என்றே நம்பினார்கள். நானும் அப்படியே சொல்லிவந்தேன்.

பிற்பகல் 1.40க்குப் புறப்பட்டோம். காத்தான்குடி அன்வர் நானாவின் ஓட்டோ. போக வர, காத்திருப்பும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா பேசியிருந்தோம். "நாய்க்குட்டி எண்டு மொதல்லயே சொன்னதால சந்தோசம் தம்பி. சீட்டில எச்சி படாமப் பாத்துக்கங்க, அது போதும்" என்றார். வலையிறவுப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தது. வவுணதீவு தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை, நடுவில் தார். 2.35க்கு ஆயித்தியமலையில் பிளேன்ரீயும் வடையும், மூவருக்கும் சேர்த்து முந்நூற்று அறுபது. அங்கிருந்து ரோட்டோரம் யானை இலத்தி தென்பட ஆரம்பித்தது. 3.10க்கு, எங்கள் வீட்டிலிருந்து இருபத்தொன்பதாவது கிலோமீற்றரில், குட்டி தருவதாகச் சொன்ன தங்கராசா அண்ணனின் வளவு வாசலில், கடப்படியில் இறங்கினோம்.

தங்கராசா அண்ணன் குளத்துத் தண்ணீரில் வெள்ளாமை செய்பவர். அவரும் மனைவி மலரக்காவும் மட்டும்தான் வீட்டில். குட்டிகள் ஐந்து. வயது ஏழு வாரமும் சில நாளும். இரண்டுக்கு முன்பே ஆள் வந்துவிட்டது. "தாய் நல்ல பொயின்டர், கண்டிப் பக்கமிரிந்து கொண்டந்தது. தகப்பனும் பொயின்டர் எண்டுதான் சொல்றாங்க. உண்மை தாய்க்குத்தான் தெரியும்" என்று அண்ணன் கண்ணைச் சிமிட்டினார்.

மிச்சம் மூன்று. தாய்க்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரியும் ஒரு கடுவன். உடம்பெல்லாம் கபிலப் புள்ளி போட்ட ஒரு பெட்டை. தலையும் உடம்பும் முழு வெள்ளையாய், வாலடியில் மட்டும் ஒரு கபிலத் திட்டோடு இன்னொரு கடுவன். அண்ணன் ஒரு கம்பில் நூல் கட்டி, நுனியில் கொக்கு இறகைத் தொங்கவிட்டு ஆட்டினார். கூச்சக்காரக் கடுவன் பார்க்கவே இல்லை. வெள்ளை நின்றது. புள்ளிப் பெட்டை காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, வால் விறைக்க நின்றது. ஏழு வாரக் குட்டிக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்த நேரம் பார்த்து குளத்துப் பக்கமிருந்து யானை வெடி கேட்டது. கேள்விப்படாதவர்களுக்கு: வயலுக்கு வரும் யானையை விரட்டக் கொளுத்தும் பெரிய வெடி அது, நெஞ்சுக்குள் இடிக்கும். புள்ளிப் பெட்டை விறகுக் குவியலுக்குள் பாய்ந்து மறைந்தது. கூச்சக்காரன் மலரக்காவின் சீலைக்குள். வெள்ளைக் குட்டியோ இறகில் சலித்துப்போய்ச் சுருண்டு படுத்திருந்தது, கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"அவன் வீரன். பேரே அதுதான் வெச்சிரிக்கம். பொறந்ததில இரிந்து ஒரு வெடிக்கும் அசைஞ்சதில்ல" என்றார் அண்ணன் பெருமையோடு.

நான் மேற்கொண்டு யோசிக்கவே இல்லை. பிடரித் தோலில் பிடித்துத் தூக்கியும் பார்த்தேன், முனகவில்லை. முனகாத குட்டிதான் நல்ல குட்டி என்பது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கு. "இதுதான், இதுதான்" என்று காசையும் நீட்டிவிட்டேன். மலரக்கா ஒரு சாக்கு எடுத்து வந்தார். குட்டியைச் சாக்கில் வைத்துக் கொண்டுபோனால் வழி தெரியாது, தாயைத் தேடித் திரும்பி வராது என்பது வழக்கம்.

"கொஞ்சம் பொறுங்க கா" என்றாள் சுகந்தி.

அவள் பாலர் பாடசாலை ஆசிரியை, இருபது வருட அனுபவம். வெள்ளைக் குட்டிக்குப் பின்னால் குந்தி, அதன் மேல் காற்றும் நிழலும் படாமல் தள்ளியிருந்து கை தட்டினாள். அது அசையவில்லை. நாக்கைச் சொடுக்கினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு மலரக்காவிடம் சோற்றுத் தட்டைத் தட்டச் சொன்னாள். விறகுக்குள்ளிருந்து புள்ளிப் பெட்டைகூட ஓடி வந்தது. வீரன் மட்டும், மற்றக் குட்டி அதன் மேல் ஏறி மிதித்த பிறகுதான் எழும்பியது.

"என்ர வகுப்பிலயும் இப்படி ஒரு புள்ள இரிந்திச்சு. கூப்பிட்டாக் கிறுகிப் பாக்காது. இதுக்குக் காது கேக்குதில்ல."

தங்கராசா அண்ணன் அப்படியே குந்திவிட்டார். "சாப்பாட்டுக்குப் பிந்தித்தான் வருவான். சோம்பேறி எண்டு நினைச்சம். மறுகா, வெடிக்கு அசையாததால வீரன் எண்டம்…" அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் மேல்தான் எனக்கு அதிகம் கோபம். யானை வெடி வெடிக்கும் ஊரில் தூங்கும் குட்டியை வீரன் என்று நம்பிய ஆட்கள் இரண்டு பேர், ஒன்று அவர், மற்றது நான்.

மலரக்கா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "இவன் இஞ்சயே கிடக்கட்டும். வெடிச் சத்தத்தில நிம்மதியா நித்திரை கொள்ள வீட்டில ஒராளாவது வேணும்தானே" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவர் கண் மட்டும் கலங்கியிருந்தது.

அப்போது 4.50. இரண்டாவது வெடி இன்னும் கிட்டத்தில் கேட்டது. புள்ளிப் பெட்டை மறுபடியும் விறகுக்குள் பாய்ந்தது. நான் குந்திக்கொண்டு அந்த இடுக்கையே பார்த்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு தலை. நடுங்கிக்கொண்டே வெளியே வந்து, நேராக வந்து, என் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. இவ்வளவு காலமும் நான் பிழையான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. ஜிம்மி பயந்ததில் எனக்குக் கவலையில்லை. அது திரும்பி வரவில்லை, அதுதான்.

"இவளக் கொண்டுபோறம்" என்றேன். மலரக்கா சாக்கை விரித்துப் பிடித்தார். நான் சாக்கை வாங்கி, ஓட்டோவில் ஏறி என் மடியில் விரித்து, குட்டியை அதன் மேல் வைத்தேன்.

"வழி பாத்துக்குமே தம்பி!"

"பாக்கட்டும் கா."

சீட்டில் எச்சி படாததால் அன்வர் நானாவுக்கும் திருப்தி. 5.15க்குப் புறப்பட்டோம். வலையிறவுப் பாலம் வரும்போது சுகந்தியிடம், முப்பத்தைந்து வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஜிம்மியின் சங்கிலி அறுந்துபோகவில்லை. அது கத்திக் குளறியதைத் தாங்க முடியாமல் நான்தான் கழற்றிவிட்டேன். அவள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

குட்டி பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ஏழு மணிக்குப் போங்கள், பிற்பகல் வேண்டாம். பொழுதுபட்டால் அந்த ரோட்டில் யானை நிற்கும். எட்டு வாரம் நிறையும்வரை தாயோடு விட்டால் இன்னும் நல்லது, நாங்கள் கொஞ்சம் அவசரப்பட்டோம். தலை முழுக்க வெள்ளையான குட்டி என்றால் பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். இந்த நிறத்துக் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காமல் போவதுண்டு என்று மிருக வைத்தியர் பிறகு சொன்னார். பிடரியில் தூக்கிப் பார்க்கும் சோதனையை மறந்துவிடுங்கள். குட்டி பயந்து ஓடினால் உடனே கழித்துவிடாமல், வெளியே வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் தாயின் குணத்தையும் பார்க்க வேண்டும், இந்தத் தாய் எங்களைப் பார்த்து ஒரு தடவைகூட உறுமவில்லை. விலை இருபதாயிரம். வெடி கொளுத்தும் நாட்களில் குட்டியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுங்கள்.

கடைசி அறிவுரையைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சித்திரை வருடப்பிறப்பு அன்று காலை பக்கத்து வீட்டில் சீன வெடி கொளுத்தியபோது எங்கள் கடப்பு திறந்து கிடந்தது. சிட்டு, மகள் வைத்த பேர் அது, என் காலுக்கிடையால் பாய்ந்து ரோட்டில் மறைந்தது. மகள் அழுதாள். சுகந்தி தேடிப் போனாள். நான் கடப்படியிலேயே நின்றேன், பதினொரு வயதில் நின்ற மாதிரி. மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்ததால் நேரம் சரியாகத் தெரியும்.

பதினேழு நிமிடம். நடுங்கிக்கொண்டே வந்து, என் பாதத்தின் மேல் உட்கார்ந்தது.