பெங்களூரிலிருந்து வந்த இரண்டு குப்பி

என் கணவர் சனிக்கிழமைதோறும் ஒரு பியர் குடிப்பார். ஒன்றே ஒன்றுதான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அது இரண்டானதில்லை, விட்டுப்போனதும் இல்லை. சாலை பஜாரில் அவருக்கு ஹார்டுவேர் கடை. சனிக்கிழமை சாயங்காலம் கடையை அடைத்துவிட்டுக் கரமனையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சர்க்கார் கடை வரிசையில் நின்று, அங்கே இருப்பதிலேயே மலிவான ஸ்ட்ராங் பியரை வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அடுக்களைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்டீல் டம்ளரில் ஊற்றிக் குடிப்பார். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாராவது பார்த்தால் மோர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் ஸ்டீல் டம்ளர். கூடக் கொறிக்க வறுத்த கடலை. எனக்கு அந்த வாடை ஆகாது. ஆனாலும் அதற்காகச் சண்டை போட்டதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர் டம்ளரை எடுக்கவில்லை. விருந்தாளிகளுக்கென்று ஷோகேஸில் வைத்திருந்த கண்ணாடி கிளாஸை எடுத்துக் கழுவினார். அதில் ஊற்றிய பியரும் வேறு மாதிரி இருந்தது. வெளிறிப்போய், கலங்கலாக, பழைய சோற்றுத் தண்ணீர் போல. அதை மூக்கருகே கொண்டுபோய் இரண்டு தடவை மோந்து பார்த்தார்.

"ஓரஞ்சுத் தொலி மணம் வருது, பாத்தியா?" என்றார்.

நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். சாம்பாரில் பெருங்காயம் போட மறந்தால்கூடத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்.

"இது எங்க வாங்கினிய?"

"பெங்களூர்ல. கிராஃப்ட் பியர்னு சொல்லுவாவ. சின்ன எடத்துல, கொஞ்சங்கொஞ்சமா, கவனிச்சு உண்டாக்குதது. இங்க கிட்டுததெல்லாம் ஃபேக்டரி சரக்கு கேட்டியா. அதுல என்ன ருசி இருக்கு?"

நான் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சொந்தமாக எழுதின பதிலுக்கும் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதின பதிலுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முதல் வரியிலேயே தெரியும். இவர் பேசியது இவருடைய வார்த்தை இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார்.

அதன்பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. கடைக்குச் சரக்கு எடுக்க முன்பெல்லாம் கோயம்புத்தூருக்குத்தான் போவார், அதுவும் முனகிக்கொண்டே. இப்போது மாதம் ஒருமுறை பெங்களூர். கிளம்புவதற்கு முந்தின நாள் முடி வெட்டிக்கொள்கிறார். என் மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மைக்ரோபயாலஜி படித்துவிட்டு ஒரு ஃபுட் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். "அவளப் பாத்தியளா?" என்று கேட்டால், "அவளுக்கு ஏது நேரம்?" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேசை மலையாளம் டீச்சரிடம், யாருக்கோ நடந்தது போல இதைச் சொன்னேன். அவர் டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சரே, இந்த வயசில் ஆணுங்ஙள்க்கு புதிய ருசி தனியே வரில்லா. ஆரோ படிப்பிக்குன்னுண்டு."

தானாக வராது, யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் நினைத்ததும் அதுதான். ஆனால் இன்னொருவர் வாயால் கேட்டபிறகு அதைத் தள்ளிவைக்க முடியவில்லை. பெங்களூரில், கண்ணாடி கிளாஸில் ஊற்றிக்கொடுத்து, மோந்து பாருங்கள் என்று சொல்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு எப்படியோ என்னைவிடப் பத்து வயது குறைவாகவே வந்தது.

அடுத்த தடவை அவர் பெங்களூரிலிருந்து வந்திறங்கிக் குளிக்கப் போனதும் பையைத் திறந்தேன். சட்டைப் பைகளைத் தடவினேன். ரயில் டிக்கெட், கன்னடத்தில் ஏதோ அச்சடித்த பேப்பர் நாப்கின். அடியில் ஈரச் செய்தித்தாளில் சுற்றி இரண்டு குப்பிகள். லேபிள் இல்லை. கழுத்தில் வெள்ளை டேப் ஒட்டி, கறுப்பு மார்க்கரில் ஏதோ எண்கள் எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்தேன். பெண் கையெழுத்துதான். சந்தேகமே இல்லை.

பிறகு ஏழைப் பார்த்தேன். நடுவில் குறுக்கே ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் மேல் பக்கம் திறந்த நாலு. ஆறாம் வகுப்பில் இந்த ஏழுக்காக ஒருத்தியை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். 'வெட்டின மாதிரி இருக்கு, கணக்கு டீச்சர் தப்புன்னு போட்டுருவாங்க' என்று. அவள் கேட்கவே இல்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கிய அதே நேரத்தில் இன்னொன்று ஏறிக்கொண்டது. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய், மதிய இடைவேளையில் மைதானத்து ஓரமாக நின்று மகளைக் கூப்பிட்டேன்.

"நீ பாக்குத வேலை என்ன?"

"என்னம்மா இது? ஞான்தான் சொன்னேனே. குவாலிட்டி."

"எதோட குவாலிட்டி?"

"அப்பா சொல்லிட்டாரா?"

"உன் ஏழு சொல்லிச்சு."

அப்புறம் எல்லாம் வந்தது. ஒரு ரெஸ்டாரண்டோடு சேர்ந்த சின்ன இடத்தில் பியர் காய்ச்சுவதுதான் அவள் வேலை. கோதுமை, ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை போட்ட அந்தப் பியர் அவளே முதன்முதலாகத் தயாரித்தது. சரக்கு எடுக்கப் போன இடத்தில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் அவள் ஆபீசைத் தேடிப் போய் உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"நீ டீச்சரல்லே அம்மா. நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவ? அதான் அப்பாட்ட சத்தியம் வாங்கினேன்."

எனக்குக் கோபம் அவள் வேலை மீது இல்லை. இரண்டு பேரும் ஒரு அறைக்குள் இருந்துகொண்டு என்னை வெளியே நிறுத்தியது போல இருந்தது.

சனிக்கிழமை வந்தது. "மக உண்டாக்கினதுல எனக்கும் ஒரு கிளாஸ் வேணும்" என்றேன். அவர் திகைத்துப் போனார். "உங்க பழைய ஃபேக்டரி சரக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ரெண்டையும் பாக்கணும்."

வாங்கி வந்தார். முதலில் அவருடைய மலிவுச் சரக்கை ஒரு வாய் குடித்தேன். அசட்டுத் தித்திப்பு, பின்னால் ஒரு கசப்பு, மூக்குக்குள் ஏறும் காஸ். இதற்கா இத்தனை வருஷம் வரிசையில் நின்றார் என்று இருந்தது. அடுத்து மகளுடையது. லேசான புளிப்பு. நாக்கில் பட்டதும் ஆரஞ்சு, விழுங்கின பிறகு மல்லி. எனக்கு அது பிடித்துப்போனது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மல்லியில் ஏதோ ஒன்று உறுத்தியது. இன்னொரு வாய் குடித்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"மல்லி எப்ப வாங்கினது?"

"ஏன்?"

"பழசு. டப்பாவுல ரொம்ப நாள் கெடந்த மல்லி. வண்டு விழுததுக்கு முந்தி ஒரு வாடை வருமே, அது இருக்கு."

"அம்மே!" என்று கத்தினாள். "என்னமோ ஒண்ணு சரியில்லன்னு ஒரு மாசமா ஞான் எல்லார்ட்டயும் கேக்கேன். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல."

அவர் எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் முன்னால் இருந்த இரண்டு கிளாஸையும் பார்த்தேன். ஃபேக்டரி சரக்கு தீர்ந்திருந்தது. மகளுடையது அரை கிளாஸ் அப்படியே இருந்தது, நுரை அடங்கிப்போய்.

எனக்கு மறுபடியும் சந்தேகம். அடுத்த வாரங்களில் கவனித்தேன். சனிக்கிழமை அரை மணி நேரம் தாமதமாக வருகிறார். வரும்போதே லேசாக வாடை. பெங்களூர்க் குப்பியைத் திறந்துகொண்டு பின்னால் போகிறார். ஐந்து நிமிஷத்தில் காலி கிளாஸோடு வருகிறார். ஒரு நாள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பார்த்தேன். பேப்பரில் சுற்றி, அவருடைய பழைய ஸ்ட்ராங் பியர்க் குப்பி, காலியாக.

"இது என்ன?" என்று முன்னால் வைத்தேன்.

அவர் மறைக்க முயலவில்லை. "எனக்கு அது எறங்கல பிள்ள" என்றார். "சோப்பு போட்ட கஞ்சி மாதிரி இருக்கு. அவ மோந்து பாக்கச் சொல்லித் தந்துட்டு, என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பா. எப்பிடிச் சொல்ல?"

"அப்பம் அந்தப் பியர எல்லாம்?"

"செம்பருத்திச் செடி மூட்டுல ஊத்தினேன்."

"என்கிட்ட தந்தா என்ன?"

அவர் காலிக் குப்பியை எடுத்துத் திரும்பவும் பேப்பரில் சுற்றினார்.

பூஜை லீவுக்கு மகள் வந்தாள். கூடவே இரண்டு குப்பிகள். எனக்கு ஊற்றிக்கொடுத்துவிட்டு அவருக்கும் ஊற்றினாள். அவர் குடித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"கொள்ளாம்" என்றார், பரவாயில்லை என்பது போல.

"கொள்ளாம்னா பிடிக்கலன்னுதானே? உள்ளத சொல்லுங்க அப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. கடைசியில் அவரே எல்லாவற்றையும் சொன்னார், செம்பருத்திச் செடி உட்பட. அவள் அழுவாள் என்று பயந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்க ஸ்ட்ராங் பியர் எனக்கும் இஷ்டம்தான். ஹாஸ்டல்ல அதத்தான் குடிச்சோம். சூடா மீன் பொரிச்சா அதுதான் சேரும். எல்லாக் குப்பியிலயும் ஒரே ருசி வருதுல்லா, அது லேசுப்பட்ட காரியம் இல்ல அப்பா. என்னால முடியல. என் ஒவ்வொரு பேட்சும் ஒவ்வொரு மாதிரி."

அவர் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அப்பமே சொன்னேம்லா" என்றார். அவர் எப்போதும் அப்படிச் சொன்னதில்லை.

மீன் பொரிக்க நான் உள்ளே போனேன். அடுக்களை ஜன்னல் வழியாக அவர்கள் பேசுவது கேட்டது. தட்டோடு வெளியே வந்ததும் இரண்டு பேரின் குரலும் ஒரே சமயத்தில் தாழ்ந்தது.

"என்ன பேசினிய?"

"ஒண்ணுமில்ல" என்றார்கள் இருவரும் சேர்ந்து.

தட்டை நடுவில் வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்கு இடையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர்கள் எழுந்திருக்கும்வரை நானும் எழுந்திருக்கவில்லை.