ஒரே அறைக்கு நான்கு வாசல்

"எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல தேடுறதுங்கிற வேலையே கிடையாது. தேடுறவன் எவனோ, அவன் பொருளை எடத்துல வெக்கத் தெரியாதவன்."

இந்தப் பிரகடனத்தைப் பாதையார் முதன்முதலில் வெளியிட்டது பம்பு உதிரிபாகக் கிடங்கின் சாப்பாட்டு மேசையில். அவையில் ஒரு லாரி ஓட்டுநரும் எடை போடுபவரும் இருந்தார்கள். இருவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. எனவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பாதையார் என்பது கிடங்கில் வைத்த பெயர். அங்கே அவர் ஸ்டோர் கீப்பர். யாராவது வாஷர் கேட்டால் வாஷரைத் தரமாட்டார், அதற்குப் போகும் பாதையைத் தருவார். "மூணாவது சந்து, இடது அலமாரி, மேல் தட்டு, நீலப் பெட்டி." போய்ப் பார்த்தால் அங்கே இருக்கும். அதுதான் கொடுமை. ஒருநாளாவது இல்லாமல் இருந்திருந்தால் மனிதர் திருந்தியிருப்பார்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்துப் போகவேண்டிய இடத்தில். வேலை முடிந்து வந்து, வீங்கிய கால்களை மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே அவர் அதைச் சீர்திருத்துவார். வாங்கும்போது உள்ளே இரண்டே டிரைவ்கள் இருந்தன. சி டிரைவில் கம்ப்யூட்டர் தன் சொந்தக் காரியங்களை வைத்துக்கொள்ளும், டி டிரைவ் நமக்கு. ஊர் உலகம் இதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் வாழ்கிறது. பாதையாருக்குப் போதவில்லை.

டிக்குள் 'வீடு' என்று ஒரு ஃபோல்டர் போட்டார். வீட்டுக்குள் ஆட்கள், ஆட்களுக்குள் மனைவி, மனைவிக்குள் பணி, பணிக்குள் பாடம், பாடத்துக்குள் நடப்பு. இத்தனை கதவையும் திறந்து உள்ளே போவதற்குள் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகிறது என்று மனைவி ஒருமுறை முனகினாள். குறையைக் கேட்டதும் பாதையாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. குறுக்குவழிகள் அமைத்தார். சாதாரணக் குறுக்குவழிகள் அல்ல, உள்ளே கிடக்கும் ஃபோல்டருக்கே ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடும் ராஜபாட்டைகள். எம் என்று ஒரு டிரைவ் முளைத்தது, திறந்தால் நேராக 'மனைவி'. பி என்று ஒன்று, திறந்தால் 'நடப்பு'. தன் கிடங்கு வேலைக்கு வி. எதைச் சேமித்தாலும் கேள்வி கேட்காமல் பி டிரைவுக்கே போகும்படியும் செய்துவைத்தார்.

ஆக, திரையில் டி, எம், பி, வி என்று நான்கு டிரைவ்கள் மிடுக்காக நின்றன. உள்ளே இருந்தது ஒன்றே ஒன்று. இதை வீட்டாருக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கடவுளும் பல விஷயங்களைச் சொல்லாமல்தானே வைத்திருக்கிறார்.

மனைவி மருத்துவமனையில் செவிலியர். வார்டில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர் இடம் ஒன்று காலியானது. கிடைத்தால் வார்டிலிருந்து விடுதலை, நாற்காலி என்ற ஒன்றில் உட்காரவும் செய்யலாம். மாதிரிப் பாடம் ஒன்று தயாரித்து அனுப்பவேண்டும். நோயாளியைத் தூக்கும்போது தன் முதுகைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பதையே அவள் எடுத்துக்கொண்டாள். கற்பிக்கும் தகுதி வேறு யாருக்கு இருக்கிறது? முதுகுக்குத் தலையணை வைத்து, படம் படமாகச் சேர்த்து, வாரக்கணக்கில் செய்தாள். கடைசி நாளும் வந்தது. மாலைக்குள் அனுப்பவேண்டும்.

அன்று அவள் கம்ப்யூட்டரைத் திறந்தால், டிரைவில் இடமில்லை என்று எச்சரிக்கை. பார்த்தாள். நான்கு டிரைவும் ஒரே நேரத்தில் சிவந்து கிடந்தன. எம் வழியாகப் போனால் அவள் பாடம் இருந்தது. பி டிரைவிலும் அதே பாடம் இருந்தது. ஒரே பொருளை இரண்டு இடத்தில் போட்டுவைத்து இடத்தை அடைத்தால் பின் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். வேண்டாததை உடனே அப்புறப்படுத்தி வார்டில் பழகிய கை. பி டிரைவில் இருந்ததை அழித்தாள். நிரந்தரமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. தாராளமாக என்றாள். பிறகு எம் டிரைவுக்குப் போனாள். அங்கேயும் வெறிச்சோடியிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் வாங்க."

அந்தக் குரலின் அமைதியே பாதையாரைப் பயமுறுத்தியது. வந்து பார்த்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பியில எதுக்கு அழிச்ச?"

"எம்ல இன்னொண்ணு இருந்துச்சே."

"அது இன்னொண்ணு இல்லம்மா. அதேதான். பிங்கிறது தனி டிரைவே கிடையாது. எம்முக்குள்ள இருக்கிறதுக்கு நேரா போற வழி."

"வழின்னா வழின்னு எழுதி வெக்கணும். டிரைவ்னு எழுதி வெச்சா?"

"உனக்கு சுலபமா இருக்கட்டும்னுதான்..."

"ரொம்ப சுலபமாத்தான் இருந்துச்சு. ஒரே தட்டு, எல்லாம் போயிருச்சு."

குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார். காலி. அவர் போட்ட ராஜபாட்டை வழியாக அழிக்கும் பொருள் குப்பைத்தொட்டியில் நின்று இளைப்பாறுவதில்லை, நேரே மோட்சம். இதுவும் அவருக்குத் தெரிந்ததுதான். சொல்லவேண்டும் என்று தோன்றாத இன்னொன்று.

மனைவியின் தம்பி மாடி வீட்டில் குடியிருந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். அக்கா கூப்பிட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தான். மாமா விளக்கினார். டி, வீடு, ஆட்கள் என்று தொடங்கி ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். அவன் சுவரில் சாய்ந்து முழுவதையும் கேட்டான்.

"மாமா, இருக்கிறது ஒரு ரூம். அதுக்கு நாலு வாசல் வெச்சு, வாசலுக்கு வாசல் வேற வேற நம்பரும் போட்டிருக்கீங்க. தபால்காரன் பாவம் இல்லையா?"

"கிண்டல் அப்புறம் பண்ணலாம் மாப்ள."

"சரி, நகருங்க. தேடிப் பாக்கலாம்."

"எங்கன்னு தேடுவ? இருந்த பாதை எனக்குத் தெரியும். அங்க இல்ல. அவ்வளவுதான்."

"இருந்த இடம் உங்களுக்குத் தெரியும். நீங்க வெக்காத இடத்துல என்ன இருக்குன்னு தெரியுமா?"

அப்படி ஓர் இடம் இருக்கும் என்பதையே பாதையார் யோசித்ததில்லை.

அவன் கம்ப்யூட்டர் முழுவதையும் தேடச் சொன்னான். பச்சைக் கோடு ஒன்று நகர்ந்தது. நகர்ந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள். போன மாதமே கேட்டிருந்தால் ஒரு பென் டிரைவ் வாங்கியிருக்கலாம் என்று பாதையார் மெதுவாகத் தொடங்கினார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். வாக்கியம் பாதியில் நின்றது.

கடைசியில் கிடைத்தது. பாடம் செய்யும் மென்பொருள் தன் பயத்துக்காகத் தானே அவ்வப்போது எடுத்து ஒளித்துவைத்த பிரதி, சி டிரைவில், எழுத்தும் எண்ணுமாக வாய்க்குள் நுழையாத ஒரு பெயரில். முந்தாநாள் வரை செய்தது இருந்தது. கடைசிப் பகுதி மட்டும் இல்லை.

"அது போதும். மிச்சம் தலையில இருக்கு," என்றாள் அக்கா.

"முதல்ல இந்த வாசலையெல்லாம் அடைச்சுட்டுப் போறேன்," என்றான் தம்பி. எம், பி, வி மூன்றும் திரையிலிருந்து மறைந்தன. வருடக்கணக்கில் கட்டியவை. பாதையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். தம்பி மாடியேறிப் போனான்.

அவளால் குனிந்து உட்கார முடியவில்லை. படுத்தபடி சொன்னாள், அவர் தட்டினார்.

"முழங்காலை மடக்கணும், முதுகை மடக்கக்கூடாதுன்னு போடுங்க."

"போட்டாச்சு."

"தனியா தூக்காதீங்க, பக்கத்துல இருக்கிறவங்களக் கேளுங்க. அது பெரிய எழுத்துல."

"ம்."

வெயில் இறங்கும் நேரத்துக்கு முடிந்தது. அவர் சேமித்தார், மூடினார், மின்னஞ்சலைத் திறந்தார். இனிப் பாடத்தை இணைத்து அனுப்பினால் தீர்ந்தது. இணைக்கும் பொத்தானைத் தட்டினார். எங்கிருந்து எடுக்க என்று ஒரு ஜன்னல் விரிந்தது.

பி டிரைவ் இப்போது இல்லை. பிக்குப் போகவேண்டியது வேறு எங்கோ போயிருந்தது. டிக்குள் போனார், வீட்டைத் திறந்தார், ஆட்களைத் திறந்தார். நடப்பு வரை போய்த் திரும்பி வந்தார். அங்கெல்லாம் இல்லை.

"அனுப்பியாச்சா?" என்றாள் அவள், கண்ணை மூடியபடி.

"இதோ. ஒரு நிமிஷம்."

பாதையார் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு திரையின் மூலையில் இருந்த தேடல் பெட்டியில், சத்தம் வராமல், ஒற்றை விரலால் 'முதுகு' என்று தட்டினார்.