பல்லுக்குத் தண்ணீர் விட்ட கதை

பிள்ளைகளே, என் இடது பக்கத்துக் கடைவாய்ப் பற்களை முன்பே பிடுங்கியாகிவிட்டது. வலது பக்கத்தில் மெல்ல உதவுகிற பல் ஒன்றுதான். அதிலும் பொந்து விழுந்தது. அதுவும் போனால் கஞ்சிதான் கதி என்று பயந்து, புத்தலப்பட்டில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் பல் டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் மரத்துப்போக ஊசி போட்டு, முதலில் பொந்தைப் பெரிதாக்கினார். எனக்குத் திக்கென்றது.

"சொத்தைய எடுக்காம மேல பூசினா, உள்ளயே அரிச்சிக்கினு போவும்" என்றார்.

உடனே புரிந்துவிட்டது. நான் கொத்து மேஸ்திரி. உளுத்த பூச்சைக் கொத்தி எடுக்காமல் மேலே பூசினால் சுவர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? எச்சில் படாமல் பஞ்சு வைத்தார். பசை போன்ற ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல விளக்கைக் காட்டினார். கடித்துப் பார்க்கச் சொல்லி, மேடு தட்டிய இடத்தைத் தேய்த்துச் சமன் செய்தார். எல்லாம் நம் வேலைதான்.

"மரமரப்பு போனதும் சாப்பிடலாம், மேஸ்திரி."

இங்கேதான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பூசின அன்றே பாரம் ஏற்றுவார்களா? ஏழு நாள் தண்ணீர் விடாத சிமெண்ட் பூச்சு வெடித்துப்போகும். படித்தவரிடம் இதைச் சொன்னால் வருத்தப்படுவாரே என்று சும்மா வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஏறியதுமே பாட்டில் தண்ணீரை வாயில் நிரப்பிக்கொண்டேன். கண்டக்டர் எந்த ஊர் என்று தெலுங்கில் கேட்டார். கையால் சாலையைக் காட்டினேன். பாவம், ஊமை என்று நினைத்து, ஒருவரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்.

வீட்டில் உங்கள் அம்மா கேட்டதற்கெல்லாம் உப்பிய கன்னத்தைத்தான் தொட்டுக் காட்டினேன்.

"உங்க நைனா வாயிலயே தொட்டி கட்டிக்கினு வந்துட்டாரு. மோட்டார் போடட்டா?" என்றாள்.

கஞ்சி குடிக்கவும் தூங்கவும்தான் துப்பினேன்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பைபிள் பாடம் வாசிக்கும் முறை என்னுடையது. அங்கேயும் வாயில் தண்ணீரோடுதான் போனேன். பாட்டு முடிவதற்குள் வெளியே போய்த் துப்பிவிடலாம் என்றிருந்தேன். அன்று பார்த்து இரண்டு சரணத்தோடு நிறுத்திவிட்டார்கள். போதகர் என்னையே பார்க்கிறார். அங்கே எங்கே துப்புவது? விழுங்கினேன். பாதி மூக்கில் ஏறியது. கண்ணீர் கொட்ட, விக்கி விக்கி வாசித்தேன். அன்றைய பாடமோ யாருக்கு யார் பிறந்தார் என்கிற வம்ச வரிசை. முன்வரிசைப் பெண்கள் இருவர் "ஸ்தோத்திரம்" என்று தாங்களும் அழத் தொடங்கினார்கள்.

வெளியே வந்ததும் போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வம்ச வரிசைக்கு யாரும் இப்படி உருகி நான் பாத்ததில்ல, மேஸ்திரி."

எனக்குப் பல்லைப் பற்றித்தான் கவலை. பூச்சு காய்ந்துவிட்டதே.

திங்களன்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அது சிமெண்ட் இல்ல, மேஸ்திரி. அந்த லைட்டுலயே இறுகிடுச்சு. காலையில, ராத்திரியில பல்லு தேய்ங்க, போதும்."

உங்கள் அம்மா வறுத்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றை அந்தப் பல்லில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன்.

கடலைதான் உடைந்தது.