வேண்டாம் என்ற ராஜாவும் அரைஞாண் கயிற்றில் ஒரு சாவியும்

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ராஜா கதை என்றால் அவளுக்கு உயிர். நம் பக்கத்து ராஜா இல்லை. டிராகன் பறக்கிற, மந்திரவாதி வருகிற, எந்த மேப்பிலும் இல்லாத நாட்டு ராஜா. செல்போனில் தொடராக வருகிறது. ஷூ கம்பெனியில் பகலெல்லாம் மிஷினில் தைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து காய் நறுக்க உட்கார்ந்தால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். நான் எட்டாவதோடு நின்றவள். கதை கேட்க அதற்குமேல் படிப்பு எதற்கு?

இரண்டு மூன்று கதை கேட்டதுமே ஒரு ஆள் எனக்குப் பிடிபட்டுவிட்டான். எல்லாக் கதையிலும் அவனே வருகிறான். ஒன்றில் ஆடு மேய்க்கிறான், ஒன்றில் கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதுகிறான், ஒன்றில் தாடி வளர்த்துக்கொண்டு காட்டில் திரிகிறான். ஆனால் ராஜ வம்சம். கிழட்டு மந்திரி தேடிக்கொண்டு வந்து காலில் விழுவார். "எனக்கு அரியணை வேண்டாம்" என்பான். எதிரி வந்து ஊரைக் கொளுத்துவான். அப்போதும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பான். இப்படியே பல அத்தியாயம் ஓடும். கடைசியில் கண்ணீரும் கம்பலையுமாகப் போய் அரியணையில் உட்காருவான். எல்லோரும் மண்டி போடுவார்கள். என் மகள் மூக்கை உறிஞ்சுவாள்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

"எரிஞ்சுபோன ஊர்ல இருந்தவங்க இன்னா ஆனாங்க?"

"அதெல்லாம் கதையில இல்லம்மா."

"ஏன் இல்ல? அவன் தண்ணியப் பாத்துனு இருந்த நேரத்துலதான அவங்க செத்தாங்க?"

"ம்மா, பேஜார் பண்ணாத. பதவிக்கு ஆசப்படுறவன் வில்லன். ஆசப்படாதவன்தான் நல்ல ராஜா. இந்த மாதிரி கதைல அப்படித்தான் வரும்."

போன ஆடியில் அவள் வாசித்த கதையில் ராஜா எல்லாவற்றையும் துறந்து காட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் அரசு முத்திரை மோதிரத்தை மட்டும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டு, சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தான்.

"வேணாம்னு வந்தவனுக்கு மோதிரம் எதுக்குடி?"

"அவங்க அப்பா ஞாபகமா வெச்சிருக்கான்."

"அப்பா ஞாபகத்துக்கு ஒரு பழைய செருப்பு கெடைக்கலியா?"

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருக்கோடியில்தான் குடியிருக்கிறார். எங்கள் அம்மன் கோயில் தர்மகர்த்தா.

ஆடித் திருவிழாவுக்குப் பூசாரி முதல் காப்பை தர்மகர்த்தா கையில்தான் கட்டுவார். அதற்குப் பிறகுதான் வேண்டுதல் உள்ளவர்களுக்குக் கட்டுவார். முதல் காப்பு இல்லையென்றால் யாருக்கும் இல்லை, அந்த வருஷம் திருவிழாவும் இல்லை. காப்புக்கு முன்னால் ஒரு சுமங்கலி வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்த தட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் இரண்டு தடவை வேண்டாம் என்பார். மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வார். அம்மன் காரியத்தைப் பயந்து பயந்து ஏற்க வேண்டும் என்பதற்காக முன்னோர் வைத்த முறை அது. அதில் எனக்குக் குறையில்லை.

இவர் அதை என்ன செய்தார் தெரியுமா? முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு வருஷம் பஸ் ஏறி சத்துவாச்சாரியில் உள்ள மகள் வீட்டுக்கே போய்விட்டார். தெருவே கிளம்பிப்போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தது. வெளியே பம்பைக்காரர்கள் வெயிலில் காய, உள்ளே இவர் "எனக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? வயசான காலத்துல நிம்மதியா உட்டுடுங்க" என்பார். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பாயசம் குடிக்கிற முகம்.

போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டு மருமகளுக்கு வேண்டுதல். நெமிலிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், என்னோடுதான் கம்பெனிக்கு வருகிறாள். அவள் பெண்குழந்தை காய்ச்சலில் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, குழந்தை நடந்து வீட்டுக்கு வந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். குழந்தை நடந்தே வந்தது. நேர்ந்த வருஷமே செலுத்திவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரே பயம். "அக்கா, காப்பு கட்டிடுவாங்கல்ல? தவறாதுல்ல?" என்று மிஷினை நிறுத்தி நிறுத்திக் கேட்பாள்.

வழக்கமாகத் தட்டு எடுக்கிற அம்மாவுக்கு அன்றைக்கு முட்டி வீங்கிவிட்டது. வேண்டுதல்காரிதானே, எடுக்கட்டும் என்று இவள் கையில் தட்டைக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம். விளக்கு வைப்பதற்குள் காப்பு கட்டிவிட வேண்டும் என்று பூசாரி அவசரப்படுத்தினார். மூன்று தடவை கணக்கை அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்லுவார்கள்? ஆனால் அவள் ஊரில் அந்த முறை இல்லை.

தர்மகர்த்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவள் குனிந்து தட்டை நீட்டினாள்.

"வேணாம்மா. என்னால முடியாது. வேற யாருக்காவது குடுங்க."

இவள் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, நெஜமாவே முடியாதா?"

"முடியாதும்மா. இந்தப் பதவி எனக்கு ஒரு பாரம்."

"சரிங்கண்ணா. உடம்பப் பாத்துக்கங்க" என்று தட்டோடு திரும்பி வாசற்படி இறங்கிவிட்டாள்.

பம்பைக்காரரின் கை அப்படியே நின்றது. "ஏ பொண்ணு, இன்னும் ரெண்டு வாட்டி தட்ட நீட்டணும்..." என்று பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். அவள் காதில் விழவில்லை. நேராகப் பூசாரியிடம் போனாள். "அய்யா, அண்ணனுக்கு முடியலியாம். வேற யாருக்குக் கட்டலாம்? விளக்கு வெக்கிற நேரமாச்சு, என் கொழந்தைக்கு நேர்ந்தது" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பூசாரி கூட்டத்தைப் பார்த்தார். தோல் லோடு வண்டி ஓட்டுகிற ஒருவர் ஓரமாக நின்றிருந்தார். "எனக்கு மொறையெல்லாம் தெரியாதுங்க. தப்பு பண்ணா சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்று கையை நீட்டினார். அவ்வளவுதான்.

காப்புக்கு முன்னால் கரகம் எடுக்க வேண்டும். சாமி சாமான் அறைக்குப் பூட்டு. சாவி தர்மகர்த்தாவிடம். இவள் மறுபடி ஓடினாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணா, சாவி?"

"எந்தச் சாவி?" என்றார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வேட்டி மடிப்புக்கு மேலே எங்களுக்கே தெரிகிறது. வலது கையால் அதைப் பொத்திக்கொண்டார். பாரமாம். பாரத்தை இறக்கி வைக்கச் சொன்னால் கை போய் அதைப் பொத்துகிறது. எனக்கு நாக்கெல்லாம் கசந்தது. சட்டைக்குள் மோதிரத்தை ஒளித்த அந்தக் காட்டு ராஜா என் கண் முன்னால் பனியனோடு உட்கார்ந்திருந்தான்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "வேணாம்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் இன்னாத்துக்குப் புட்ச்சினு இருக்கீங்க? அவுருங்க" என்றார். அவர் அசையவில்லை. அந்த அம்மாவே குனிந்து முடிச்சை அவிழ்த்து, சாவியை இவள் தட்டில் போட்டார்.

விளக்கு வைப்பதற்குள் வண்டிக்காரருக்கும் அவளுக்கும் காப்பு கட்டியாயிற்று.

தீச்சட்டி அன்றைக்குத் தர்மகர்த்தா புது வேட்டியில் முன் வரிசையில் நின்றார். அணைக்கட்டு ஊரிலிருந்து வந்த சம்பந்தியிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாங்க. நான்தான் உட்டுக் குடுத்தேன். எளியவனுக்கும் ஒரு வாய்ப்பு வேணாமா?" சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார். கதையில் வருகிறவர்களும் இப்படித்தான் மண்டி போடுகிறார்கள். தாயே, உன் சந்நிதியில் நிற்கும்போது மனசு சுத்தமாக இருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இல்லை. காறித் துப்ப இடம் தேடினேன், கோயில் என்பதால் விழுங்கினேன்.

அவள் மஞ்சள் புடவையில் சட்டியோடு வந்தாள். குழந்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் கூடவே நடந்து வந்தது. எல்லோருக்கும் சாம்பல் வைத்துக்கொண்டே வந்தவள், இவர் நெற்றியிலும் பக்தியோடு வைத்தாள். "ஒடம்பு இப்ப தேவலியாண்ணா?" என்று வேறு கேட்டாள். பாவம், இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் தாண்டிப் போனதும் என் பக்கம் சாய்ந்து, குரலைக் கம்மி பண்ணிக் கேட்டார்:

"ஏம்மா, அடுத்த வருஷம் தட்டு யாரு எடுத்தாருவாங்க?"

"அவளேதாண்ணா" என்றேன்.