மூக்கைத் திறந்த இஞ்சித் தண்ணி

மூக்கு அடைத்து, தொண்டை கட்டி, எச்சில் விழுங்கவே அருவருப்பாக இருந்தது. சளி துடைத்த துணியும் நானுமாகக் கட்டிலில் கிடந்தேன். கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்த என் கணவர், "ஏட்டி, நீ எழும்பாதே. இஞ்சி எலுமிச்சைத் தண்ணி நான் போட்டுத் தாறேன்" என்று அடுக்களைக்குப் போனார்.

இடிகல்லில் இஞ்சி நசுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டம்ளரோடு வந்தார். எலுமிச்சை விதையெல்லாம் மேலே மிதந்தது. அதை என் கண் முன்னாலேயே விரலை விட்டு எடுத்து, விரலை லுங்கியில் துடைத்தார். மார்த்தாண்டம் தேன் ஊற்றியிருப்பதாகச் சொன்னார். ருசியும் தெரியவில்லை, மணமும் தெரியவில்லை. சூடு மட்டும் தொண்டைக்கு இதமாக இருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

கடைசி மடக்கில் இஞ்சிக் காரம் ஏறி மூக்கு திறந்தது. திறந்த மூக்கில் முதலில் ஏறியது கருவாட்டு நாற்றம். டம்ளரின் அடியில், இஞ்சிச் சக்கைக்கு நடுவே ஒரு நெத்திலித் தலை கண்ணோடு கிடந்தது. மத்தியானம் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அவரே கருவாட்டுச் சம்மந்தி இடித்த கல் அது. மனுசன் அதைக் கழுவவே இல்லை.

வாஷ்பேசினுக்கு ஓடி, குடித்தது அத்தனையும் வாந்தி எடுத்தேன். "கருவாடு நாறுது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மணம் தெரிஞ்சாச்சா? அப்போ மருந்து பிடிச்சாச்சு. இரு, இன்னொரு டம்ளர் போடுதேன்."

அடுக்களையில் மறுபடியும் இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் குழாய் திறக்கிற சத்தம் கேட்கவில்லை.