சாவியைத் திருப்பினாலும் நிற்காத வண்டி

காசிமாயன் பதினோரு வருடம் ஒரே லாரியை ஓட்டினார். ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. விடிகாலையில் சோழவந்தானில் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றினால், மதுரையில் கடை திறக்கும் முன் இறக்கிவிடுவார். சத்தமே இருக்காது. கோச்சடையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் மனைவி மாயக்காள் திடுக்கிடுவாள்.

"களவாணி மாதிரி வாரீகளே. ஒரு ஆரன் அடிச்சா என்ன? சோத்தச் சூடு பண்ணி வச்சிருப்பேன்ல."

"ராசா வண்டி அப்பிடித்தான் வரும்" என்பார். டீசல் லாரி என்றால் அவருக்கு, சக்கரம் கட்டிய நெல்லு மில்.

1978இல் முதலாளி ஹாலாஸ்யம் கூப்பிட்டு அனுப்பினார். அவரிடம் இருந்தவை இரண்டு லாரிகள். மற்றது டீசல். அதை ஓட்டியவன் சின்னச்சாமி, மாயக்காளின் தம்பி.

"காசி, பெட்ரோல் விக்கற விலைக்குக் கட்டுப்படியாகலை. லிட்டருக்கு மூணு கிலோமீட்டர்தான் போறது. எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் வைக்கப்போறேன். நீ ஓட்டுவியோன்னோ?"

"டீசல்ல இழுவை இருக்காது சாமி. சத்தந்தான்."

"ஓட்டிப் பாக்காம சொல்லாதே. ஒரு வாரம் நீ சின்னச்சாமி வண்டியை எடு, அவன் ஒன் வண்டியை எடுக்கட்டும். சரிப்படலைன்னா சொல்லிடு. வேற ஆள் பாத்துக்கறேன்."

காசிமாயனுக்கு நாற்பத்து நான்கு வயது. வேறு தொழில் தெரியாது. அதைவிட, தன் லாரியில் இன்னொருவன் நிரந்தரமாக உட்காருவான் என்பதுதான் வீடு வரும்வரை அவரை அறுத்தது.

முதல் நாளே மானம் போயிற்று. திருமங்கலத்தில் பஞ்சுக் கிடங்கு முன் வண்டியை நிறுத்தினார். பழக்கப்படி சாவியைத் திருப்பி எடுத்து மடியில் செருகிக்கொண்டு, கிடங்கு இரைச்சலில் எஞ்சினைக் கவனிக்காமல் டீக்கடைக்குப் போனார். பாதி டீயில் இருக்கும்போது கிடங்கில் மூட்டை தூக்கும் காளை கத்தினான்.

"அண்ணே! ஒங்க வண்டி ஒங்களத் தேடுது!"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய்ச் சாவியைப் போட்டு நான்கு முறை திருப்பினார். நிற்கவில்லை. யாரையும் கேட்க மனசு வரவில்லை. கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. கிடங்கே சிரித்தது.

மாலையில் சின்னச்சாமி வண்டிக்குள் எட்டிப் பார்த்து ஒரு குமிழைக் காட்டினான். "இத இழுத்தாத்தான் மாமா நிக்கும். டீசல் போறத இது அடைச்சிரும். சாவி சும்மா கரண்டுக்கு."

"இத மொதல்லயே சொல்ல ஒனக்கு வாயில என்ன மாப்ள, வெத்தலையா?"

அன்றிலிருந்து திருமங்கலத்தில் அவர் பெயர் சாவி அண்ணன்.

குமிழோடு முடியவில்லை. மேட்டில் ஏறும்போதெல்லாம் அவர் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார். பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் பலம் காட்டும். கால் அதற்குப் பழகியிருந்தது. டீசலோ கரும்புகை கக்கியதே ஒழிய நகரவில்லை. "இழுவையே இல்ல" என்று ஐந்து நாள் வீட்டில் சொன்னார். ஆறாம் நாளும் சொல்லியிருப்பார்.

அன்று காலை வைகையில் தண்ணீர் வந்திருந்தது. சோழவந்தானை விட்டுக் கிளம்பியதும் சாலையைத் தண்ணீர் கடக்கும் ஒரு தாம்போதி. முழங்கால் ஆழம். முன்னால் சின்னச்சாமி ஓட்டிப்போன பெட்ரோல் லாரி நடுவில் இருமி நின்றுவிட்டது. பின்னால் நெல் மூட்டைகளோடு காசிமாயன்.

"மாமா, தண்ணி தெறிச்சுருச்சு. தீப்பொறி வரமாட்டேங்குது."

"தொடச்சியா?"

"வேட்டியத்தான் அவுக்கணும். மத்தது பூரா ஈரம்."

வண்டி நிறைய வெற்றிலை. வெயில் ஏறினால் கட்டுக்குள்ளேயே புழுங்கிவிடும். தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தது. காசிமாயன் டீசல் வண்டியை விலக்கி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அதே தண்ணீர்தான். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை, நின்றபடி அடித்துக்கொண்டிருந்தது. சங்கிலியைத் தன் பெட்ரோல் லாரியின் மூக்கில் அவரே கட்டினார்.

முதல் கியர். கால் தானாக அழுந்தப் போயிற்று.

"மிதிக்காதீங்க மாமா! அதட்டுனா அது கேக்காது. கிளட்ச விட்டுட்டுச் சும்மா ஒக்காருங்க!"

காலை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். சங்கிலி விறைத்தது. சத்தம் மாறவில்லை, வேகமும் இல்லை. நடக்கிறவன் வேகத்தில், நெல்லையும் வெற்றிலையையும் இன்னொரு லாரியையும் சேர்த்து அந்த எஞ்சின் மேட்டில் ஏற்றியது. கண்ணாடியில் தன் வண்டி பின்னால் தலையாட்டிக்கொண்டு வருவதை அவர் ஒரு தரம் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

மேலே ஏறியதும் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கினார். எஞ்சின் ஓடியது. சின்னச்சாமி சிரிக்க வாயெடுத்தான்.

"ஓடட்டும் மாப்ள" என்றார். "இம்புட்டும் இழுத்திருக்கு. கேட்டுட்டுப் போறேன்."

மறுநாள் ஹாலாஸ்யத்திடம் போனார். "மாத்திருங்க சாமி. நாந்தான் ஓட்டுவேன்." பழைய எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி இறக்கியபோது பட்டறைக்குள் வரவில்லை. வெளியே நின்றிருந்தார்.

அதன்பின் ஒன்பது வருடம், லாரி தெருவுக்குள் திரும்பும் முன்னரே சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். மாயக்காள் அடுப்பைப் பற்ற வைப்பாள். அவர் தினமும் முதலில் சாவியைத் திருப்புவார். பிறகு "அட" என்று குமிழை இழுப்பார். மகள் அழகம்மாள் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தபோது, ஏன் சாவிக்கு நிற்பதில்லை என்று படம் போட்டு விளக்கினாள். பொறுமையாகக் கேட்டார். மறுநாளும் சாவியைத்தான் திருப்பினார்.

1987இல் ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் வந்தது. சோறு சூடாக இருந்தது. காசிமாயன் உள்ளே வந்து, நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். மாயக்காள் செம்போடு திரும்பியபோது சுவரில் சாய்ந்திருந்தார். சாவி மடியில் இருந்தது.

அழுகை கேட்டு அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்துவிட்டார்கள். வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எப்படி நிறுத்துவதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அழகம்மாள் போய் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குமிழை இழுத்தாள்.